பல்லாண்டுப் பூச்செடிப் பாத்திக்கு நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டு முன்புறத்திலோ, பண்ணை வீட்டுக்குப் போகும் வழியோரத்திலோ பூச்செடிப் பாத்தி போட நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக நர்சரிக்குத்தான் போகிறார்கள். அன்று எந்தச் செடி பூத்திருக்கிறதோ அதில் ஒன்று, இதில் ஒன்று என்று இருபது செடிகளை வாங்கி வந்து வரிசையாக நட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இருபது நிறம், இருபது உயரம். எது பூத்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பருவத்துச் செடிகளான செண்டுமல்லி, கோழிக்கொண்டை போன்றவை என்றால் இது பெரிய இழப்பு அல்ல. அடுத்த பருவத்தில் பிடுங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பல்லாண்டுச் செடி வேர் பிடித்து, புதராகி, நான்கைந்து ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கக்கூடியது. பிடிக்கவில்லை என்று இரண்டாம் ஆண்டில் தோண்டி எடுத்தால் செடி விலை, உரம், ஆள்கூலி, தண்ணீர் எல்லாம் வீண். பக்கத்துச் செடியின் வேரும் அறுபடும். எனவே நிறத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகு செடியைத் தேடிப் போவதுதான் சிக்கனம்.

நிறம் என்றதும் சிவப்பா, மஞ்சளா என்று தொடங்க வேண்டாம். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தப் பாத்தியை எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்? எதன் முன்னால் அது இருக்கப் போகிறது? எந்த மாதங்களில் அங்கே பூ வேண்டும்? இந்த மூன்றும் தெரிந்தால் நிறம் பாதி முடிவாகிவிடும்.

பார்க்கும் நேரம்

நம் சமவெளி வெயிலில் ஒரே பூ காலையில் ஒரு நிறமாகவும் உச்சியில் ஒரு நிறமாகவும் தெரியும். இளஞ்சிவப்பு, வெளிர் நீலம், இள ஊதா போன்ற மெல்லிய நிறங்கள் காலை ஏழு மணிக்கு அழகாக இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு வெளுத்த துணிபோல் ஆகிவிடும். உச்சி வெயிலைத் தாங்கி நிற்பவை அடர்ந்த சிவப்பு, ஆரஞ்சு, அடர் மஞ்சள், கருஞ்சிவப்பு ஆகியவை. சாலையோரப் பள்ளி, கல்யாண மண்டபம், பண்ணை விற்பனை நிலையம் என்று பகலில் ஆள் வந்துபோகும் இடங்களுக்கு இந்த நிறங்களே ஏற்றவை.

மாலையில் கணக்கு தலைகீழாகும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு. பகலில் கண்ணைப் பறித்த சிவப்பு இட்லிப்பூ, பொழுது சாய்ந்ததும் கறுப்புத் திட்டாகத் தெரியும். நீலமும் பச்சையும் அதன் பிறகும் சற்று நேரம் தெரியும். வெள்ளை கடைசி வரை நிற்கும். வேலைக்குப் போய் ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறவர் சிவப்புப் பாத்தி வைத்தால், அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க முடியும்.

இதைவிட முக்கியமானது, பல பூக்களுக்கு அவற்றுக்கென்று நேரம் இருப்பது. பத்துமணிப்பூ வெயில் ஏறினால்தான் விரியும், பிற்பகலில் சுருங்கும். மஞ்சள் டர்னெரா காலையில் விரிந்து நண்பகலோடு மூடிக்கொள்ளும். ருயேலியாவின் ஊதாப் பூ அன்று காலை மலர்ந்து மாலைக்குள் உதிரும். அந்திமந்தாரை நாலு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். மாலையில் மட்டும் தோட்டத்தில் உட்காருகிறவர் டர்னெராவையும் ருயேலியாவையும் நம்பி மஞ்சள்-ஊதா அமைப்பைத் திட்டமிட்டால், அவர் பார்ப்பது வெறும் பச்சைப் புதரைத்தான். நர்சரிக்குக் காலையில் போய்ச் செடி வாங்குவதால் இது தெரிவதில்லை.

நிறம் மாறும் பூக்களையும் கவனிக்க வேண்டும். இரங்கூன் மல்லி வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகி, பின் சிவக்கும். உண்ணிச்செடியின் பல வகைகளில் ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் இருப்பது பூவின் வயதைப் பொறுத்தது. இவை தனியாக அழகுதான். ஒரு நிற ஒழுங்குக்குள் கொண்டுவந்தால் கணக்கு உதைக்கும்.

சுவரும் திசையும்

பாத்திக்குப் பின்னால் இருக்கும் சுவர், அந்த அமைப்பில் உள்ள மிகப் பெரிய நிறம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவருக்கு இளம்பச்சையோ, ரோஸோ, கிளிப்பச்சையோ அடித்திருப்பார்கள். அதன் முன் மெஜந்தா நிறக் காகிதப்பூவை வைத்தால் இரண்டும் சண்டை போடும். வெள்ளை, சந்தன நிறச் சுவர் என்றால் எந்தப் பூவும் எடுபடும், வெள்ளைப் பூவைத் தவிர. செங்கல் பூச்சில்லாத சுவருக்கும் செம்மண் தரைக்கும் முன்னால் சிவப்பு, ஆரஞ்சுப் பூக்கள் கரைந்துபோகும். அங்கே வெள்ளை, நீலம், எலுமிச்சை மஞ்சள் பளிச்சென்று இருக்கும். சுவருக்குப் பதில் பச்சை வேலி பின்னணியாக இருந்தால் அடர் ஊதாவும் கருஞ்சிவப்பும் பத்தடி தாண்டினாலே தெரியாது. மஞ்சளும் வெள்ளையும் ஆரஞ்சும் வேண்டும்.

சுவருக்கு மறுபடி வண்ணம் அடிக்கும் எண்ணம் இருந்தால், அதைச் செடி நடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். சாரம் கட்டும்போது மிதிபடுவது ஒருபுறம், ரோஸ் சுவருக்குத் தேர்ந்தெடுத்த பூ நீலச் சுவருக்குப் பொருந்தாது.

திசையில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் அட்சரேகையில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் நிற்பதில்லை. ஏறத்தாழ சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சிப்பொழுதில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். எனவே வடக்குச் சுவரோரப் பாத்தி கோடையில் நேர் வெயிலையும், கார்த்திகை, மார்கழியில் முழு நிழலையும் பெறும். 'நிழல் பகுதி' என்று நம்பி அங்கே நிழல் விரும்பும் செடியை மார்கழியில் நட்டால் சித்திரையில் இலை கருகும். வெயில் விரும்பும் செடியை வைத்தால் குளிர்காலத்தில் பூக்காது. இத்தகைய இடத்தில் பூவை நம்பாமல், இலை நிறத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். வெள்ளை விளிம்புள்ள நந்தியாவட்டை இங்கே நன்றாக வரும்.

எத்தனை நிறம், எந்த அளவில்?

மூன்று நிறம் போதும். அதிலும் சம பங்கு கூடாது. சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், கரையில் ஓடும் சரிகை இன்னொன்று. உடலும் கரையும் சரிகையும் ஒரே அகலத்தில் இருந்தால் அதைச் சேலை என்று யாரும் வாங்க மாட்டார்கள். பாத்தியிலும் பத்துச் செடிக்கு ஆறு முதன்மை நிறம், மூன்று துணை நிறம், ஒன்று எடுப்பு நிறம் என்று வையுங்கள். எடுப்பு நிறம் குறைந்தால்தான் எடுப்பாக இருக்கும்.

எந்த நிறத்தோடு எது சேரும் என்பதற்கு ஓவியர்கள் பயன்படுத்தும் நிறவட்டம் உதவும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இருப்பவை (மஞ்சள்-ஆரஞ்சு-சிவப்பு, நீலம்-ஊதா-இளஞ்சிவப்பு) சேர்ந்தால் அமைதி. எதிரெதிராக இருப்பவை (மஞ்சளும் ஊதாவும், நீலமும் ஆரஞ்சும்) சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சிவப்புக்கு எதிர் பச்சை. அதனால்தான் எந்தச் சிவப்புப் பூவும் தன் இலை மேலேயே எடுப்பாகத் தெரிகிறது, அதற்கு வேறு ஜோடி தேட வேண்டியதில்லை. மெஜந்தாவையும் ஆரஞ்சையும் ஒட்டி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணைப் பறிக்கும் ஜோடிதான் வேண்டும் என்று கேட்பவர்களைத் தடுப்பதும் இல்லை. ஆனால் இடையில் வெள்ளை ஒரு வரிசை இருக்கட்டும்.

வெள்ளையின் இந்த வேலையைக் கதம்பம் கட்டுபவர்களிடம் பார்க்கலாம். மல்லிகை, ஓரிரு கனகாம்பரம், இடையில் மரிக்கொழுந்து, மறுபடி மல்லிகை. ஆரஞ்சுப் பூ கொஞ்சம்தான், ஆனால் அதே அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. பாத்தியிலும் ஒவ்வொரு வகையிலும் ஒரு செடி நடுவதற்குப் பதில் மூன்று, ஐந்து எனக் கொத்தாக நட்டு, அந்தக் கொத்தை ஓரிரு முறை திரும்ப வரச் செய்யுங்கள். ஒற்றைச் செடிகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

தோட்ட நிறங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் சொல்லும் பெயர் கெர்ட்ரூட் ஜெக்கில். ஓவியம் பயின்ற இந்த ஆங்கிலேயப் பெண்மணி 1908-ல் பூந்தோட்ட நிறங்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். நீண்ட பாத்தியின் இரு முனைகளிலும் நீலம், வெளிர் நிறங்கள், நடுவை நோக்கி மஞ்சள், ஆரஞ்சு, மையத்தில் சிவப்பு என்பது அவருடைய முறை. முப்பது அடிக்கு மேல் நீளமுள்ள பாத்திக்கு இந்த வரிசையை நாமும் தாராளமாகப் பின்பற்றலாம். ஆனால் அவருடைய வெளிர் நிறங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் நட்டது இங்கிலாந்தின் மென்மையான வெளிச்சத்துக்கு. அங்கே குளிர்காலத்தில் பாத்தி உறங்கிவிடும். நம் பாத்தியைப் பன்னிரண்டு மாதமும் பார்த்தாக வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

ஒரு மாதிரிப் பாத்தி

இருபது அடி நீளம், ஐந்து அடி அகலம், பின்னால் சந்தன நிற மதில் சுவர், காலை முதல் பிற்பகல் வரை வெயில். வீட்டார் காலையில் திண்ணையில் இருந்து பார்க்கிறார்கள். இதற்கு நீலம்-ஊதா முதன்மை, வெள்ளை துணை, மஞ்சள் எடுப்பு என்று எடுத்துக்கொள்வோம்.

சுவரில் இருந்து ஓரடி தள்ளிப் பின்வரிசை. நம் கொடிவேலியின் உறவான நீலப் பிளம்பாகோ நான்கு, இலையில் வெள்ளை விளிம்புள்ள நந்தியாவட்டை மூன்று. மாற்றி மாற்றி, இரண்டே முக்கால் அடி இடைவெளியில். பூவில் வெள்ளை இல்லாத நாட்களிலும் இலையில் வெள்ளை இருக்கும் என்பதற்காகத்தான் இந்த நந்தியாவட்டை. சாதாரண நந்தியாவட்டைப் பூ காலை ஏழு மணிக்குள் பூஜைக்குப் போய்விடும். இது சிறிய விஷயம் அல்ல. செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை மூன்றும் நம் வீடுகளில் பறிக்கப்படும் பூக்கள், சில தெருக்களில் அடுத்த வீட்டாரும் பறிப்பார்கள். பூஜைப் பூவுக்குக் கொல்லையில் தனி வரிசை வையுங்கள். பார்வைப் பாத்தியில் பறிக்காத பூவை வையுங்கள். பிளம்பாகோ பூவின் காம்பு கையில் ஒட்டும் என்பதால் யாரும் பறிப்பதில்லை.

நடுவரிசையில் ஒன்றரை அடி இடைவெளியில் 13 செடிகள்: ஊதா டிசம்பர் பூ மும்மூன்றாக இரண்டு கொத்து, வெள்ளைப் பென்டாஸ் இரண்டிரண்டாக நான்கு, நடுவில் மஞ்சள் டர்னெரா மூன்று. இதே வீட்டார் மாலையில் பார்ப்பவர்களாக இருந்தால் டர்னெராவுக்குப் பதில் நாள் முழுதும் மஞ்சள் கதிர் நிற்கும் கால்பீமியா இரண்டு செடி போதும். அது அகலமாகப் படரும்.

முன்வரிசை, அதாவது நடைபாதை ஓரம், குட்டை ருயேலியா 18, இடையிடையே ஆறு இடங்களில் வெள்ளை மழை லில்லிக் கிழங்கு, இடத்துக்கு ஐந்து. குட்டை ருயேலியாவையே கேட்டு வாங்க வேண்டும். நெட்டை வகை விதை தெறித்தும் வேர் ஓடியும் பாத்தி முழுவதையும் பிடித்துவிடும்.

இப்போது மாதக் கணக்கு. தண்ணீர் கிடைத்தால் ருயேலியா ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். பிளம்பாகோ அலை அலையாகப் பூக்கும், கவாத்து செய்தால் அடுத்த அலை வரும். டிசம்பர் பூ ஐப்பசிக்குப் பிறகு தொடங்கித் தை வரை. மற்ற நாட்களில் அது நடுவில் ஒரு பச்சைத் திரை. மழை லில்லி, பெயருக்கு ஏற்ப, கோடை மழை பெய்த சில நாட்களில் ஒரேயடியாகப் பூத்து ஓயும். இப்படிச் செடி ஒருபக்கம், மாதம் ஒருபக்கம் எழுதிக் கட்டம் போட்டுப் பாருங்கள். முதன்மை நிறம் ஏதாவது ஒரு மாதத்தில் முற்றிலும் இல்லாமல் போனால் அந்த மாதத்துக்கு அதே நிறத்தில் இன்னொரு செடியைச் சேருங்கள். வேறு நிறத்தைச் சேர்த்து நிரப்ப வேண்டாம்.

உச்சி வெயிலில், தூரத்தில் இருந்து பார்க்கும் பாத்திக்கு மஞ்சள்-ஆரஞ்சு-சிவப்பு அமைப்பு: பின்னால் மூன்றடி உயரத்தில் கவாத்து செய்த சொர்ணப்பட்டி, நடுவில் ஹமேலியாவும் கல்வாழையும், முன்னால் குட்டை இட்லிப்பூ. ஆரஞ்சுக்குக் கனகாம்பரம் வைக்க ஆசைப்படுபவர்கள் ஓரளவு நிழலுள்ள இடத்தில் வையுங்கள். நூற்புழுத் தாக்குதல் உள்ள மண்ணில் அது நான்கு ஆண்டு நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மாலைப் பாத்திக்கு வெள்ளையும் பச்சையும் மட்டுமே போதும். ஸ்பைடர் லில்லி, நிலச்சம்பங்கி, குண்டுமல்லி, வெள்ளை நித்தியகல்யாணி. வாசம் கூடுதல் லாபம். வெள்ளையில் ஒரு தொல்லை உண்டு: வாடிய பூ பழுப்பாகச் செடியிலேயே தொங்கினால் அழுக்காகத் தெரியும். வாரம் ஒருமுறை காய்ந்த பூவைக் கிள்ள ஆள் இல்லையென்றால் வெள்ளை ரோஜா போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மண் ஒத்துக்கொள்ள வேண்டும்

நிறத்தை நாம் முடிவு செய்தாலும் மண் அதை மாற்றிவிடும். இதற்குச் சரியான உதாரணம் இட்லிப்பூ. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், கார அமில நிலை 8-ஐ நெருங்கும் மண்ணிலும், உப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் அதற்கு இரும்புச் சத்து எட்டாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி வெளிறி மஞ்சளாகும். சிவப்பும் கரும்பச்சையும் என்று நினைத்த இடத்தில் சிவப்பும் நோயாளி மஞ்சளும் நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை மாலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மண் அதே மண்தான், மறுபடி வெளிறும். இத்தகைய மண்ணில் இட்லிப்பூவோடு ஆண்டு முழுவதும் போராடுவதைவிட, அதே சிவப்புக்கு அழகுச்செடி ஜட்ரோபாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எனவே பாத்தி போடும் முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். மண் பரிசோதனை பயிருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

மலைப்பகுதியில் ஹைட்ராஞ்சியா இதைக் கண்முன் காட்டும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து கிடைப்பதால் பூ நீலம். சுண்ணாம்பு சேர்த்தால் அதே செடி மெல்ல இளஞ்சிவப்புக்கு மாறும். வெள்ளைப் பூ வகைகள் இப்படி நீலமாவதில்லை.

காகிதப்பூவில் நிறம் தருவது பூவிதழ் அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைச்செதில்கள். தண்ணீரும் தழைச்சத்தும் அதிகமானால் பச்சைக் கிளையாக ஓடும். சற்றுக் காயவிட்டால்தான் நிறம் வரும். எனவே தினம் தண்ணீர் கேட்கும் கல்வாழையோடு அதை ஒரே பாத்தியில் வைத்தால் இரண்டில் ஒன்று கெடும். நிறம் பொருந்தினாலும் நீர்த் தேவை பொருந்தாத ஜோடி இது.

இலை நிறச் செடிகளுக்கு வெயில்தான் சாயம். தங்க டுராண்டா முழு வெயிலில் மஞ்சள், நிழலில் வெறும் பச்சை. ஊதா இலைச் செட்கிரீசியாவும் நிழலில் பச்சை கலந்துபோகும். ஊதா, கருஞ்சிவப்பு இலைகளைப் பெரிய திட்டாக நட வேண்டாம். தூரத்தில் அது பாத்தியில் ஒரு பள்ளம் போலத் தெரியும்.

செடி வாங்கும்போது

ஒரே நிறம் வேண்டுமானால் ஒரே தாய்ச் செடியில் இருந்து குச்சி வைத்தோ பதியன் போட்டோ எடுத்த கன்றுகளை வாங்குங்கள். விதைக் கன்றுகளில் நிறம் பிரியும். நித்தியகல்யாணியும் அந்திமந்தாரையும் உதிர்ந்த விதையில் தானே முளைத்து, இரண்டாம் ஆண்டில் உங்கள் நிற ஒழுங்கைக் கலைத்துவிடும். வேண்டாத நிறத்தை முதல் பூவிலேயே பிடுங்குங்கள். இலையில் வெள்ளை, மஞ்சள் விளிம்புள்ள செடிகளில் முழுப் பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு வெட்டுங்கள். அது வேகமாக வளர்ந்து மற்றதை மூடிவிடும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரும் அப்படியே.

நிறத்துக்காக நஞ்சை வாசலில் வைக்க வேண்டாம். அரளி, பொன்னரளி இரண்டும் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடு மாடு உள்ள பண்ணையில், கவாத்து செய்த அரளிக் கிளையைக் குப்பையில் போட்டு மாடு தின்றால் பிழைப்பது கடினம். உண்ணிச்செடியும் மாட்டுக்கு ஆகாது. அதோடு காட்டுக்குள் பரவிப் பெரும் களையான செடி அது. டுராண்டாவின் மஞ்சள் காய், ஜட்ரோபா விதை, நித்தியகல்யாணி ஆகியவை குழந்தைகள் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். முதன்மை நிறம் மஞ்சள் என்றால் பொன்னரளிக்குப் பதில் சொர்ணப்பட்டியோ கால்பீமியாவோ அதே வேலையைச் செய்யும்.

பாத்தி காய்கறி நிலத்தை ஒட்டி இருந்தால் நிறத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது. தேனீக்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள் நன்றாகத் தெரியும். பூசணி, சுரை, புடல், பாகல் போட்டிருப்பவர்கள் நீலம்-மஞ்சள் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மகரந்தச் சேர்க்கைக்கு உதவி. அதிலும் ஒற்றையடுக்குப் பூ வேண்டும். அடுக்குப் பூக்களில் மகரந்தமும் தேனும் பெரும்பாலும் குறைவு. சிவப்பு, ஆரஞ்சுக் குழல் பூக்களுக்குத் தேன்சிட்டு வரும். ஹமேலியாவில் அதைத் தினமும் பார்க்கலாம்.

நடும் முன் ஒரு ஒத்திகை

காகிதத்தில் எழுதியது தரையில் எப்படித் தெரியும் என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. தேர்ந்தெடுத்த நிறங்களில் பழைய சேலை, பாவாடைத் துணிகளைக் கிழித்து, செடி உயரத்துக்குக் குச்சி நட்டு, கொத்துகளின் இடத்தில் கட்டிவையுங்கள். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் இருந்து பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிர், அடர் வேறுபாடு போதவில்லை என்று பொருள். ஒரு கொத்தை வெள்ளையாகவோ எலுமிச்சை மஞ்சளாகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

நடவுக்கு ஆடி, ஆவணி ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடி ஆழம் கொத்தி, 100 சதுர அடிக்கு 50 கிலோ மக்கிய தொழு உரமும் 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தரை மட்டத்தில் இருந்து அரை அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் முதலில் சாவது நித்தியகல்யாணி. நட்டதும் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு மூடாக்கு போடுங்கள். முதல் ஆண்டில் செடிகளுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தைப் பார்த்துப் பதறி நெருக்கி நட வேண்டாம். முதன்மை நிறத்திலேயே ஏதாவது ஒரு பருவச் செடியைப் போட்டு நிரப்பினால் போதும். மாதிரிப் பாத்தியில் ஊதா வாடாமல்லி அதற்குச் சரியாக இருக்கும்.

டிசம்பர் பூவைப் பூத்து முடிந்ததும் மாசியில் பாதியாக வெட்டுங்கள். பிளம்பாகோவை ஒவ்வொரு அலை முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். அது புதுத் தளிரில்தான் பூக்கும். ஆனால் பின்வரிசை நான்கு செடியையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். இரண்டை இப்போது, இரண்டைப் பதினைந்து நாள் கழித்து வெட்டினால் நீலம் இல்லாத நாள் குறையும்.